இருவழிப் பெட்டி

ஜூன் 2, திங்கள்

லேப் நோட்டில் வேலையைத் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி, கையெழுத்து, கூடவே ஒரு சாட்சிக் கையெழுத்து. என் நோட்டில் பூபதி சாட்சி, அவன் நோட்டில் நான். பதினோரு வருஷமாக இப்படித்தான். வேலைக்கு வெளியே உள்ளதை எழுதவும் ஒரு நோட்டு இருக்கட்டும் என்று இன்று ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப் கடையில் இதை வாங்கினேன். முப்பத்தெட்டு வயதில் டைரி எழுத ஆரம்பிக்கிற பைத்தியம் கோயமுத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதற்குச் சாட்சிக் கையெழுத்து தேவையில்லை.

புது வேலை வந்திருக்கிறது. கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையங்களுக்கு ஒரு பெட்டி. கரண்ட் போனால் அங்கே தராசும் நிற்கிறது, கொழுப்புச் சத்து பார்க்கும் மெஷினும் நிற்கிறது, கேன்களோடு வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். கரண்ட் இருக்கும்போது பேட்டரியை ஏற்றவேண்டும், போன கணத்தில் அதே பெட்டி பேட்டரியிலிருந்து திருப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டு பெட்டி ஆகாது, ஒன்றுதான், அதுவும் சின்னதாக, என்று எங்கள் முதலாளி வரதராஜன் சார் கையால் டிபன் பாக்ஸ் அளவு காட்டினார். ஆகஸ்ட் இருபது அன்று பால் சங்கத்துக்காரர்கள் வந்து பார்ப்பார்களாம்.

அதற்கு ஃப்ளைபேக் என்ற சர்க்யூட்தான் சரி. ஒரே டிரான்ஸ்பார்மர், பக்கத்துக்கு ஒரு சுவிட்ச். முதல் சுவிட்ச் ஆன் ஆகும்போது டிரான்ஸ்பார்மர் வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அது ஆஃப் ஆனதும் மறுபக்கத்துக்குக் கொடுத்துவிடும். வாங்கும்போது கொடுக்காது, கொடுக்கும்போது வாங்காது. ஒழுங்கான சாமான். சாதாரண சார்ஜரில் மறுபக்கம் ஒரு டையோடு போதும், அது ஒருவழிப் பாதை. எங்களுக்கு இரண்டு வழியும் வேண்டும் என்பதால் அங்கேயும் சுவிட்ச். மெயின்ஸ், அதாவது கரண்ட் வரும் பக்கமும் புரோகிராமும் பூபதிக்கு. டிரான்ஸ்பார்மரும் பேட்டரிப் பக்கமும் எனக்கு. லேபில் இதற்கு ‘இருவழிப் பெட்டி’ என்று பெயர் வைத்தாயிற்று.

எனக்கும் பூபதிக்கும் நடுவே ஏழு வருஷமாக வேறு ஒன்றும் உண்டு. ஆபீசில் யாருக்கும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அம்மாவுக்குத் தெரியும். அவன் வீட்டில்தான் தெரியாது. அவன் பெருந்துறைப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பையன். நான் நாசரேத்துக் கிறிஸ்தவப் பெண், பெயர் பியூலா, அவனைவிடப் பதினான்கு மாதம் மூத்தவள். இதில் எதை முதலில் சொல்வது என்று ஏழு வருஷமாக யோசிக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

சொல்லிவிட்டான்.

மத்தியானம் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனபோது, பன் எடுத்துக்கொண்டே, “அம்மாட்டச் சொல்லீட்டேன், பியூலா” என்றான். அழுதார்களாம். பிறகு ஆடி முடியட்டும், ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்றார்களாம். வேறு என்ன சொன்னார்கள், என் பெயரைச் சொன்னாயா, வயதைச் சொன்னாயா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் சொல்லீட்டேன் என்றான். டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

ஆடி முடியட்டும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லையே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உடனே பயறு வறுக்க உட்கார்ந்துவிட்டாள். முந்திரிக்கொத்து போடப்போகிறாளாம். எனக்கும் அவளுக்கும் மட்டும் எதற்கு அத்தனை என்று கேட்டேன், ஆபீசுக்குக் கொண்டுபோ என்றாள். சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துபோகும்.

ஜூன் 19, வியாழன்

முதல் டிரான்ஸ்பார்மர் சுற்றி முடித்தோம். சுற்றியது எங்கள் லேபின் சரோஜினி அக்கா. கணக்குப் போட்டது நான். அக்கா ஒரு சுற்றுகூடப் பிசகாமல், பக்கத்து மேஜையில் நடக்கும் பேச்சையும் விடாமல் சுற்றும். கம்பிச் சுருளுக்கு உள்ளே இருக்கும் கோரின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளியில்தான் சக்தி தங்கும். இதைச் சொன்னால் புது ஆட்கள் நம்பமாட்டார்கள்.

மெயின்ஸிலிருந்து பேட்டரிக்கு, முதல் தடவையிலேயே ஓடியது. பூபதி என் முந்திரிக்கொத்தில் நாலை ஒன்றாக எடுத்தான்.

ஜூன் 27, வெள்ளி

மழை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூலை 5, சனி

இன்று திருப்பி ஓட்டிப் பார்த்தோம். பேட்டரியிலிருந்து மெயின்ஸ் பக்கத்துக்கு.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. பவர் போடுமுன் ஒருத்தர் “கை வெளியே” என்பார். மற்றவர் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் பட்டனை அழுத்துவது. பூபதி சொன்னான், நான் சொன்னேன், அவன் அழுத்தினான். ஐந்து நொடி ஓடியிருக்கும், என் பக்கத்துச் சுவிட்சான மாஸ்பெட் பட்டாசு மாதிரி வெடித்து அதன் மூடி சரோஜினி அக்காவின் டீ டம்ளருக்குள் விழுந்தது. அக்கா டம்ளரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வேறு டீ போடப் போய்விட்டது.

என் பக்கம் வெடித்ததால் தப்பு என் பக்கம் என்றுதான் முதலில் தோன்றும். “என்ற பக்கம் பண்ணீட்டேன், நீ டிரான்ஸ்பார்மரப் பாரு” என்றான் பூபதி. பார்க்கிறேன் என்றேன். பதினோரு வருஷத்தில் அவன் தந்த எண்ணை நான் சரிபார்த்ததில்லை, நான் தந்ததை அவனும் சரிபார்த்ததில்லை. வேறு டீம்களில் இதற்குச் சண்டை நடக்கும். எங்களுக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

ஜூலை 12, சனி

வியாழனும் வெள்ளியும் பூபதி லீவு. ஒன்றுவிட்ட தம்பி வீட்டு விசேஷமாம். இன்று முடி வெட்டிப் புதுச் சட்டையோடு, ஒரு பெட்டி நெய் மைசூர்பாவோடு வந்தான். சரோஜினி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்து, “ஏனுங் தம்பி, உப்புச் சர்க்கரை மாத்தீட்டு வந்தாப்பல இருக்குதே” என்று கிண்டல் பண்ணியது. அவன் சிரித்துக்கொண்டே பாத்ரூம் பக்கம் போய்விட்டான்.

அது என்ன என்று அக்காவிடம் கேட்டேன். அவர்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்தின்போது இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்களாம். அப்படியானால் எனக்கும் ஆவணியில் உப்பு வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. மைசூர்பா நன்றாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி பிறந்தது. இன்னும் முப்பத்தோரு நாள்.

ஜூலை 24, வியாழன்

நாலாவது டிரான்ஸ்பார்மர். சுருள்களை ஒன்றுக்குள் ஒன்று பொதிந்து சுற்றச் சொன்னேன், நடுவே வீணாகும் காந்தம் குறையட்டும் என்று. அளந்து பார்த்தால் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல டிரான்ஸ்பார்மர் செய்ததில்லை. முந்தையது மூன்று நொடி தாங்கியது. இது பட்டனைத் தொடுமுன் வெடித்துவிட்டது என்று சொல்லலாம்.

நன்றாகச் செய்யச் செய்ய ஏன் வேகமாக வெடிக்கிறது? பூபதியிடம் கேட்டால், போனைப் பார்த்துக்கொண்டே, “உன்ற டிசைன் உனக்குத்தான் தெரியும்” என்கிறான். கொஞ்ச நாளாக அவனுக்குப் போன் நிறைய வருகிறது. மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறான். அவன் அம்மாவாக இருக்கும், ஆடியில் அவர்களுக்கும் தவிப்பாக இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைப் போதகர் ஐயரின் வீட்டம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். சாத்தான்குளத்தில் ஒருத்தர், மனைவியை இழந்தவர், வாத்தியார் வேலை, பிள்ளை கிடையாது, பியூலாவைக் கேட்கிறார்கள் என்றார். நல்ல இடம் என்றுதான் எனக்கே பட்டது. அம்மா நிமிர்ந்து நின்றுகொண்டு, “எம் மவளுக்கு முடிவாயிட்டு. ஆவணியில பேச வாராவ” என்றாள்.

வரும் வழியெல்லாம் அம்மாவைத் திட்டினேன். இன்னும் முடிவாகாததை ஊருக்கெல்லாம் சொல்வாயா என்று. அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் அப்பா போனபிறகு என்னோடு இருக்க வந்தவள், அன்றிலிருந்து அவள் இப்படி வேகமாக நடந்து நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஐந்து டிரான்ஸ்பார்மர், பதினேழு மாஸ்பெட். இன்று பூபதி லீவு. என் பக்கத்தில் அளக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றபோது, வேறு வழியில்லாமல் சிக்னலை ஸ்கிரீனில் காட்டும் ஸ்கோப்பின் ஒரு முனையை அவன் சிக்னலில் வைத்தேன். வைக்கும்போது திருடுகிற மாதிரி இருந்தது.

ஒரு சுவிட்ச் முழுதாக ஆஃப் ஆன பிறகுதான் அடுத்தது ஆன் ஆகவேண்டும். நடுவே துளி நேரம் இரண்டும் சும்மா இருக்கவேண்டும். அந்தத் துளியை வைப்பது புரோகிராம். திருப்பி ஓட்டும்போது என் பக்கத்து மாஸ்பெட் முழுச் சுமையோடு ஆஃப் ஆவதால் அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். இங்கே ஸ்கிரீனில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஆன். டிரான்ஸ்பார்மர் மட்டமாக இருந்தவரை அதுவே நடுவில் நின்று கொஞ்சம் தாங்கியிருக்கிறது. நான் அதை நன்றாகச் செய்ததும் தடுக்க ஆளில்லாமல் போய்விட்டது.

அவன் புரோகிராமைத் திறந்தேன். எதிர்த்திசைக்கென்று அவன் ஒன்றுமே எழுதவில்லை. முன்னோக்கிய பகுதியை அப்படியே நகல் எடுத்து ஒட்டி, மேலே ஒரு வரி: ‘பிறகு பார்க்க’. தேதி ஜூன் ஐந்து. ஜூலை முழுக்க நான் சுற்றிச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்தபோது, பண்ணீட்டேன், பண்ணீட்டேன் என்றானே, அது இதுதான்.

கோபத்தில் டிராயிங்கையும் திறந்தேன். ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும், யார் பொறுப்பு, யார் எப்போது மாற்றியது என்று. மெயின்ஸ் பக்கத்து டிராயிங்கில் பொறுப்பாளர் என்ற இடத்தில் பூபதி பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. மாற்றியது அவன். மாற்றிய தேதி ஜூன் 9.

வரதராஜன் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஒன்பதாம் தேதி பூபதி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டான், பெங்களூரில் வேலை, ஆகஸ்ட் பதினாலோடு போகிறான், பியூலாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றதால் பேசாமல் இருந்தேன், ஏன், இன்னும் சொல்லவில்லையா என்றார். சொன்னார் சார், மறந்துவிட்டேன் என்றேன்.

இந்த நோட்டை முன்னால் புரட்டினேன். ஜூன் ஒன்பது. ஆறு வரி சந்தோஷம்.

ஆகஸ்ட் 9, சனி

வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டேன். டிராயிங்கை மட்டும்தான் கேட்டேன். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

கல்யாணம் செப்டம்பர் நாலு. பெண் தாராபுரம் பக்கம், டீச்சர். ஜூலையில் லீவு போட்டது நிச்சயத்துக்குத்தான். எங்கள் விஷயத்தைச் சொன்ன அன்றே அம்மா கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று ஓடினார்களாம், அவன் பிடித்து இழுத்து வந்தானாம். “என்னப் பெத்தவளக் கொல்லச் சொல்றியா, பியூலா? உன்ட்டச் சொல்ல வாய் வரல” என்று சொல்லி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். பதினோரு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

இதில் என்ன கேவலம் என்றால், நான் அவனைச் சமாதானப்படுத்தினேன். பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். அவன் பாவம், அவன் என்ன செய்வான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீடு வரும்வரை அவனை விட்டுவிட்டு அவன் அம்மாவைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். முகம் தெரியாத அந்தப் பொம்பளை கிணற்றைக் காட்டி என் வாழ்க்கையைப் பறித்துக்கொண்டாளே என்று. எவ்வளவு வெறுக்க முடியுமோ அவ்வளவு வெறுத்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தோசையில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனையில் பாட முடியவில்லை. தொண்டை வலி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எதிர்த்திசைப் பகுதியை மூன்று நாளாக நானே எழுதினேன். எனக்குப் புரோகிராம் வராது என்பது ஊரறிந்த விஷயம். வந்தது. நடுவே விடும் நேரத்தை மூன்று மடங்காக்கினேன். என் பக்கத்திலும் ஒரு ஸ்னப்பர் வைத்தேன், அதாவது ஆஃப் ஆகும்போது துள்ளி எழுகிற மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு மெத்தை மாதிரி. இதுவரை மெயின்ஸ் பக்கம் மட்டும்தான் அது இருந்தது. திரும்பி வருகிற பக்கமும் அடிபடும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பூபதி பக்கத்து மேஜையில் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான். நான் சரோஜினி அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, மூன்று மணி பத்துக்குப் பட்டனை அழுத்தினேன். மெயின்ஸ் பக்கம் கட்டியிருந்த இரண்டு குண்டு பல்புகளும் எரிந்தன. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தோம். எரிந்துகொண்டே இருந்தன.

அக்கா கை தட்டியது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவனுக்கு வழியனுப்பு விழா. கேக். என் சாட்சிக் கையெழுத்துக்காக அவன் கடைசி லேப் நோட்டை நீட்டினான். போட்டேன். “ரிவர்ஸ் சூப்பரா ஓடுது, பியூலா” என்றான். பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சங்கத்துக்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள். மெயின்ஸைப் பிடுங்கினேன், தராசு நிற்கவில்லை. திரும்பச் செருகினேன், பேட்டரி ஏறியது. இருபது தடவை செய்யச் சொன்னார்கள். ஒரு பெரியவர் தானே பிடுங்கிப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். எல்லாம் நன்றாக முடிந்தது. வரதராஜன் சார் எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா, ஆடிதான் முடிந்துவிட்டதே, எப்போது பேச வருகிறார்கள் என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைத் தலை, சுங்குடிச் சேலை, கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. “பியூலாங்கறது நீதானே கண்ணு?” என்றார். பூபதியின் அம்மா என்று அவர் சொல்லவேண்டியதில்லை, அதே மூக்கு.

இரண்டு வாரமாக இவருக்காக நான் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். உட்காருங்கள் என்றேன். விலாசத்தை ஆபீசில் கேட்டு வாங்கினாராம். பையனுக்குத் தெரியாதாம். போஸ்டில் அனுப்பினால் போதும் என்று அவன் சொன்னானாம், மனசு கேட்கவில்லையாம். குங்குமச் சிமிழை எடுத்துவிட்டு, நீங்கள் வைக்கமாட்டீர்கள் அல்லவா என்று தானே திரும்ப மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. வெறுக்க இடம் கொடுக்கமாட்டேன் என்கிறாரே என்று.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். அவர்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்காருவாள். அவன் குடும்பஸ்தனாகிவிட்டாலும் அவளுக்கு அந்த வீட்டில் இடம் உண்டு என்று ஊர் முன்னால் சொல்வதாம்.

“பூபதிக்குக் கூடப்பொறந்த புள்ள இல்ல கண்ணு. பெரியப்பன் மக உக்காருது. ஆனா நீயும் பக்கத்துல நிக்கோணும். அக்கா சொன்னாங்க, அக்கா குடுத்தாங்கன்னு பதினோரு வருசமா அவன் வாயில உன்ற பேச்சுத்தான். எங்க வீட்டுல உன்னைய ஆபீஸ் அக்கான்னுதான் சொல்றது.”

அடுப்படியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

“நான் அவருக்கு அக்கா இல்லீங்கம்மா” என்றேன். “ஏழு வருஷமா அவரைக் கட்டிக்கறதா இருந்தேன். ஜூன் மாசம் உங்ககிட்ட சொன்னாராமே. நீங்க கிணத்துல விழப் போனீங்களாமே.”

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். “நானா கண்ணு?” என்றார்.

அவருடைய வீட்டுக் கிணறு மூடி எட்டு வருஷம் ஆகிறதாம். அதை ஏன் முதலில் சொன்னார் என்று தெரியவில்லை. அதற்கப்புறம் பேசியது என்னிடம் பேசுகிற மாதிரி இல்லை. ஒன்பது வருஷமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாராம். காடு இல்லை, தோட்டம் இல்லை, ஆபீஸ் வேலைதானே என்று பெண் வீட்டார் கையை விரித்தார்களாம். இப்படியே விட்டால் தனக்குப் பிறகு அவனுக்கு ஒரு வாய் சோறு போட ஆள் இருக்காது என்று பயந்துபோனாராம்.

“மூணு வருசத்துக்கு முன்னால சென்னிமலைல, சாமி முன்னால வெச்சு அவன் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேன் கண்ணு. எந்தச் சாதியா இருந்தாலுஞ் செரி, எந்தச் சாமியக் கும்புட்டாலுஞ் செரி, உன்ற மனசுல ஒருத்தி இருந்தாச் சொல்லு, நானே போயிக் கேக்கறேன்னு. யாருமில்லைம்மான்னு சொன்னான்.”

“எத்தனை தடவை கேட்டீங்க?” என்று கேட்டேன். ஒரு தடவை அளந்ததை நான் நம்புவதில்லை.

“வருசா வருசங் கேட்டேன். இந்தச் சித்திரையிலும் கேட்டேன். யாருமில்லைம்மா, அந்த டீச்சர் புள்ளையவே பேசுங்கன்னான். புடிச்சிருக்குன்னு அவன்தாஞ் சொன்னான்.”

கிணறு இல்லை. ஓடியது இல்லை. பிடித்து இழுத்ததும் இல்லை. ஜாதி தடையாக இருக்கவில்லை, பதினான்கு மாதமும் தடையாக இருக்கவில்லை. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டியது எதற்கு என்று நினைத்தபோதுதான், வேலைக்கு வெளியே, முதல்முதலாக அவன்மேல் கோபம் வந்தது.

அவர் எழுந்து நின்றார். பையிலிருந்து போனை எடுத்தார். “நிறுத்தீரட்டுமா கண்ணு? நீ ஒரு வார்த்தை சொல்லு.”

நிறுத்தியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தையை விட இது பெரிய வார்த்தை. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பொய் சொல்லவில்லை. வாய் திறந்துவிட்டேன்.

“வேண்டாங்கம்மா. யாருமில்லைன்னு அவரே சொல்லிட்டாரே.”

என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை, அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். போகும்போது பழத்தை வைத்துவிட்டுப் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு தடவை வைத்த பத்திரிகையைத் திரும்ப எடுக்கக்கூடாது என்பார்கள், எடுத்துக்கிறேன் கண்ணு, இது இங்கே இருக்கவேண்டாம் என்றார்.

கார் போனபிறகு அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. சாத்தான்குளத்து வரனைப் பற்றியும் பேசவில்லை, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. “சோறு வைக்கட்டா, ட்டி?” என்றாள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தட்டோடு அழுதேன். அம்மா எழுந்துபோகாமல் எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பூபதி ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

விடியற்காலை நாலரைக்கு மேல் ஆறு மணிக்குள் முகூர்த்தம். எட்டு மணிக்கு நான் பஸ் ஏறினேன். இருவழிப் பெட்டி ஐம்பது செய்யவேண்டும், சரோஜினி அக்கா நாளைக்கு நாலு டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறது. மத்தியானம் வரை அளந்தேன், எழுதினேன், சாப்பிட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு இப்போது வரதராஜன் சார்.

அவன்மேல் உள்ள கோபம் ஒருநாள் ஆறிப்போகும். எனக்கு ஆறாதது வேறு. இத்தனை வருஷமும் ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் நின்று, அந்த அம்மா மனசு இளகவேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். அதே வருஷங்களில் அந்த அம்மா சென்னிமலைப் படியேறி, என் வீட்டுக்கு யாராவது ஒருத்தி வரமாட்டாளா என்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோயமுத்தூருக்கும் பெருந்துறைக்கும் ஒன்றரை மணி நேரம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அவன் ஒருத்தன்தான் இருந்தான்.